ராகிக் கொல்லையிலிருந்து ஜுராசிக் படக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜுராசிக் படங்களைத் தயாரிப்பவர்களுக்கும், எழுதி இயக்குபவர்களுக்கும், அவற்றைத் தமிழ் பேசவைத்து எங்கள் ஊர் தியேட்டருக்கு அனுப்புபவர்களுக்கும்,

2022 ஜூன் 10 அன்று ‘ஜுராசிக் வேர்ல்ட்: டொமினியன்’ படத்தை இதுதான் கடைசி என்று சொல்லி வெளியிட்டீர்கள். ஜுராசிக் யுகத்தின் மாபெரும் நிறைவு என்று போஸ்டரிலேயே போட்டீர்கள். நம்பி நான்கு டிக்கெட் எடுத்தேன். படம் ஏமாற்றிவிட்டது. சரி, எத்தனையோ படம் ஏமாற்றியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். 2025 ஜூலையில் ‘ரீபர்த்’ என்று அடுத்ததைக் கொண்டு வந்தீர்கள். டைனோசர்களுக்கு இன்றைய பூமி ஒத்துக்கொள்ளவில்லை, பெரும்பாலானவை செத்துப்போயின, மிச்சம் மீதி பூமத்திய ரேகைப் பக்கம் மட்டும்தான் என்று தொடக்கத்திலேயே நாலு வரியில் சொல்லி, முந்தைய படம் எதற்காக எடுக்கப்பட்டதோ அதையே துடைத்துப் போட்டுவிட்டீர்கள். முடிவு என்று விற்றது முடிவும் இல்லை, அந்த முடிவில் சொன்னதும் நிலைக்கவில்லை. அன்று விட்டதை இனி விடுவதாக இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

நான் சினிமா விமர்சகன் அல்ல. ராயக்கோட்டைக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். மூன்று ஏக்கர் மேட்டுக்கொல்லை. மானாவாரியில் ராகி, ஓரத்தில் அவரை, கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற முக்கால் ஏக்கரில் தக்காளி. கொல்லை சோறு போடும், கடன் அடைக்காது. அதனால் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலையும் பார்க்கிறேன். கொல்லை மேட்டில் ஏறி நின்றால் ஊடேதுர்க்கம் காடு தெரியும். ஐப்பசி கழிந்து ராகி பால் பிடிக்கிற நேரத்துக்குப் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும். ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்க்கம், சானமாவு என்று காட்டுக்குக் காடு மாறி, அறுப்பு முடிகிற வரைக்கும் இங்கேதான். வளர்ந்த ஆண் யானை ஒன்று நாலு டன் இருக்கும். உங்கள் டைரனோசரஸ் எட்டு டன் என்கிறார்கள். ஆக, நீங்கள் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுகிற மிருகத்தில் பாதி எடையுள்ள ஒன்று எங்கள் வாசல் வழியாக வருடா வருடம் நடந்து போகிறது. மனிதனும் மாபெரும் மிருகமும் ஒரே மண்ணில் எப்படிப் பிழைப்பது என்று நீங்கள் ஒரு கதை சொல்லப்போவதாக அறிவித்தால், அதைக் கேட்க முதல் வரிசையில் உட்கார வேண்டியவர்கள் நாங்கள்.

முதல் படமான ‘ஜுராசிக் பார்க்’கை நான் 1994இல் கிருஷ்ணகிரி டவுனில் பார்த்தேன். பதினொரு வயது. மாமா மாங்காய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், அவர்தான் கூட்டிப்போனார். படம் இங்கிலீஷில் ஓடியது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, மாமாவுக்கும் புரியவில்லை, பக்கத்து சீட்டில் இருந்த கண்டக்டர் டிரஸ் ஆளுக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. புரியாததால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. மழையில் கார் நிற்கிறது. ஒரு டம்ளரில் தண்ணீர். அதில் வட்டம் வட்டமாக ஒரு நடுக்கம். தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. ஒன்றும் வரவில்லை இன்னும். தண்ணீர்தான் அசைகிறது. மாமா கையிலிருந்த முறுக்கு வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றுபோனது.

பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். 127 நிமிடப் படத்தில் டைனோசர்கள் திரையில் இருப்பது ஏறக்குறைய 15 நிமிடம்தானாம். அதிலும் கம்ப்யூட்டரில் செய்தது சுமார் 6 நிமிடம். மீதி, ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையில் செய்த இயந்திரப் பொம்மைகள். டைரனோசரஸ் முழுசாக வெளியே வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த ஒரு மணி நேரமும் காத்திருக்க வைத்தீர்களே, அதுதான் வித்தை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதே வருடம் கார்த்திகையில் அப்பா என்னை முதல்முறையாகக் காவலுக்குக் கூட்டிப்போனார். புளியமரத்தில் பரண். கீழே ராகி என் இடுப்பளவு நிற்கிறது. ராத்திரி இரண்டு மணி இருக்கும், கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. முதலில் சில்வண்டுச் சத்தம் நின்றது. அப்புறம் ‘பரக்’ என்று தாளைக் கொத்தாகப் பிடுங்கும் சத்தம். உடனே ‘தப், தப்’. வேரோடு வந்த மண்ணை உதற யானை அந்தக் கொத்தைத் தன் காலிலேயே அடித்துக்கொள்ளும். பிடுங்கும், அடிக்கும், வாயில் போடும். பிடுங்கும், அடிக்கும். அவசரமே இல்லாத ஒரு தாளம். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், அறுபதுக்கு மேல் விட்டுவிட்டேன். அப்பா என் வாயைப் பொத்தியிருந்தார். உள்ளங்கையில் பீடி வாசம். விடிந்து இறங்கிப் பார்த்தால் முக்கால் ஏக்கர் காணோம். சாணி மட்டும் இருந்தது, அதில் ஆவி பறந்துகொண்டிருந்தது. யானையை நான் பார்க்கவே இல்லை. அவ்வா, அதாவது பாட்டி, வரப்பில் நின்று கும்பிட்டுவிட்டு, “சாமி தின்னது போக நின்னுக்கினு இருக்கறத அறுங்கடா” என்றாள். அப்பா பதில் பேசவில்லை. அந்த வருடம் களிக்கு ராகியை விலைக்கு வாங்கினோம்.

பரணில் இருந்தபோது எனக்கு அந்த டம்ளர் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. கடல் கடந்து எங்கேயோ படம் எடுக்கிறவர்களுக்கு எங்கள் கொல்லைப் பயம் தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். உங்கள் மேல் எனக்கு இருந்த மரியாதையின் அடி அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டைரனோசரஸின் அந்த உறுமலை உண்டாக்கிய ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராம், புலி, முதலைச் சத்தங்களோடு ஒரு யானைக்குட்டியின் பிளிறலைச் சேர்த்துத்தான் அதைச் செய்தார். அந்தப் படத்தின் ஒலிக்கு ஆஸ்கரும் கிடைத்தது. உலகத்தையே நடுங்கவைத்த சத்தத்துக்குள் ஒரு யானைக்குட்டி ஒளிந்திருக்கிறது. இதை என் மகளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. மறுபடி போட்டுக் கேட்டாள். “ஆமாம்பா, ஆனை” என்றாள்.

1997, 2001 படங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தீவு, ஓட்டம், ஹெலிகாப்டர். 2015இல் இர்ஃபான் கான் பூங்காவின் முதலாளியாக வந்தார், பாதியில் ஹெலிகாப்டரோடு போனார். நம்ம ஆள் என்று சந்தோஷப்படுவதற்குள் ஆள் இல்லை. இருந்தாலும் பார்த்தோம். 2018 படத்தின் முடிவில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு சிறுமி பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கிறாள். டைனோசர்கள் வெளியே போகின்றன. தீவு இல்லை, பூங்கா இல்லை, வேலி இல்லை. மிருகக்காட்சிசாலைச் சிங்கத்தின் எதிரே டைரனோசரஸ் நின்று கர்ஜிக்கிறது. ஊருக்கு மேலே குன்றில் ராப்டர் என்கிற வேட்டை டைனோசர் ஒன்று நின்று கீழே வீடுகளைப் பார்க்கிறது. அத்தோடு படம் முடிகிறது.

அந்த ராப்டர் நின்ற இடம் எனக்குத் தெரியும். எங்கள் கொல்லை மேட்டில் நின்று பார்த்தால் ஊர் அப்படித்தான் தெரியும். யானை முதலில் அங்கேதான் வந்து நிற்கும்.

அடுத்த படம் இதைப் பற்றி என்று சொன்னீர்கள். நடுவில், 2019 செப்டம்பரில், ‘பேட்டில் அட் பிக் ராக்’ என்று ஒரு குறும்படத்தை இணையத்தில் சும்மாவே போட்டீர்கள். பத்து நிமிடம்கூட இல்லை. ஒரு குடும்பம் காட்டோரத்தில் வண்டியை நிறுத்தி ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே ஏதோ அசைகிற சத்தம். கொம்புள்ள டைனோசர் ஒன்று குட்டியோடு வருகிறது. அதைத் தேடி வேட்டை மிருகம் வருகிறது. கைக்குழந்தை அழுகிறது. குழந்தையின் வாயைப் பொத்த வேண்டும். என் வாயை அப்பா பொத்தினாரே, அதே! நான் அதை மூன்று தடவை பார்த்தேன். இயக்கியவர் காலின் ட்ரெவாரோ. ‘டொமினியன்’ எடுத்ததும் அவரேதான். அதனால் உங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரிந்திருந்தும் விட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

2022 ஜூனில் ஓசூருக்குப் போனோம். நான், வீட்டுக்காரி, மகள், அப்புறம் வனத்துறையோடு யானை விரட்டப் போகிற எங்கள் ஊர் நண்பர். கமல் படம் இரண்டாவது வாரமாகக் கூட்டம் தாங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் படத்துக்குச் சின்ன ஸ்கிரீன், காலைக் காட்சி. வேலை நாளில் லீவு போட்டுப் போனேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் வந்தது வெட்டுக்கிளி. கோழி அளவில் வெட்டுக்கிளி. பயோசின் என்கிற கம்பெனி பழங்கால மரபணுவைச் சேர்த்து அதைச் செய்திருக்கிறது. அந்தக் கம்பெனி விதை போட்ட பயிரை மட்டும் அது தொடாது, மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும். இடைவேளையில் நண்பர் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னாப்பா இது, டைனோசர்னு சொல்லிக் கூட்டினு வந்து வெட்டுக்கிளி காட்டறாங்க” என்றார். படம் முழுக்கப் பார்த்த பிறகும் இதைவிட நல்ல விமர்சனம் எனக்குத் தோன்றவில்லை.

வெட்டுக்கிளி எங்களுக்கும் புதிதல்ல. 2020 மே கடைசியில், ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பாலைவன வெட்டுக்கிளிப் படை இறங்கிய செய்தி தினமும் டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தபோது, எங்கள் மாவட்டத்து நேரலகிரியில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளி கூட்டமாக உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. ஊரடங்கு வேறு. ஊர் ஊராகப் பயம். வேளாண்மைத் துறையினர் போய்ப் பார்த்து, இது பாலைவன வெட்டுக்கிளி இல்லை, எருக்கைத் தின்கிற உள்ளூர் ரகம் என்றார்கள். அதற்கப்புறம்தான் மூச்சு வந்தது. நிஜ வெட்டுக்கிளி இரண்டு கிராம்தான் இருக்கும், ஒரு நாளில் தன் எடைக்குத் தின்றுவிடும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டம் ஒரு நாளில் 35,000 பேர் சாப்பிடுகிற அளவு தின்னும் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்குச் சொல்கிறது. இரண்டு கிராம் பூச்சியே இப்படி என்றால், அதைக் கோழி அளவுக்கு ஊத வேண்டிய அவசியம் எங்கே வந்தது? பெரிதாக்கினால் பயம் கூடும் என்று நினைத்துவிட்டீர்கள். டம்ளர் தண்ணீரை மறந்துவிட்டீர்கள்.

விதைக் கம்பெனி விஷயத்தில் ஒரு வார்த்தை உங்களுக்கு ஆதரவாகவும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ராகி விதை அவ்வா காலத்திலிருந்து வருகிறது. நல்ல கதிராகப் பார்த்துப் பிரித்து, சாம்பல் கலந்து வைப்போம். தக்காளிக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு பட்டத்துக்கும் நாற்று வாங்க வேண்டும். போன வருடக் காயில் விதை எடுத்துப் போட்டால் அது போன வருடக் காய் மாதிரி வராது. விதை ஒருத்தன் கையில் இருந்தால் சோறும் அவன் கையில் என்பது எங்களுக்குப் பாடம் எடுத்துப் புரிய வேண்டிய விஷயம் அல்ல. ஹாலிவுட் படம் ஒன்று இதைத் தொட்டதே பெரிய காரியம். ஆனால் தொட்டதோடு சரி. அந்த விதையை வாங்கியவன் யார், வாங்காதவன் என்ன ஆனான், பக்கத்துப் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கடைசியில் வெட்டுக்கிளிகளைக் கொளுத்திப் பறக்கவிட்டுக் காட்டையும் கொளுத்தி முடித்துவிட்டீர்கள். இது தனிப் படமாக வந்திருக்க வேண்டிய கதை. டைனோசர் படத்துக்குள் கொண்டுவந்து இரண்டையும் கெடுத்தாயிற்று.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மால்டா நாட்டு நகரத்தில் ராப்டர்கள் மோட்டார் பைக்கைத் துரத்துகின்றன. டைனோசரை எடுத்துவிட்டு நாலு அடியாட்களைப் போட்டாலும் அந்தக் காட்சி அப்படியே நிற்கும். 29 வருடம் கழித்து, முதல் படத்தில் நடித்த சாம் நீலும் லாரா டெர்னும் ஜெஃப் கோல்ட்ப்ளமும் ஒன்றாக வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் மாமா ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கியது உண்மை. மண்ணைத் தோண்டி எலும்பு எடுத்த அந்தக் கைகளுக்கு நீங்கள் கொடுத்த வேலை, ரகசியமாக உள்ளே நுழைந்து வெட்டுக்கிளியிடம் மாதிரி எடுத்து வருவது. அப்புறம் டைனோசர்கள். உலகம் முழுக்கப் பரவியவை என்று சொன்னீர்களே, அவற்றில் பலவற்றைப் பிடித்து இத்தாலியில் டோலோமைட் மலைகளுக்கு நடுவே ஒரு கம்பெனியின் பள்ளத்தாக்கில் விட்டாயிற்று. மறுபடியும் அடைப்பு. மறுபடியும் கட்டுப்பாட்டு அறை. 2018இல் ஒரு சிறுமி திறந்த கதவை 2022இல் நீங்களே சாத்திவிட்டீர்கள்.

சாத்திய கதவின் இடுக்கில் இரண்டு காட்சிகள் தப்பிவிட்டன. பனி பெய்கிற இடத்தில் ஒரு மரம் அறுக்கும் களத்துக்குள் கழுத்து நீண்ட பெரிய டைனோசர்கள் வந்து நிற்கும். வேலையாட்கள் வேலையை நிறுத்திவிட்டு, அவற்றை எப்படிப் பதறாமல் வெளியே கொண்டுபோவது என்று பார்ப்பார்கள். யாரும் ஓடமாட்டார்கள், யாரும் சுடமாட்டார்கள். என் பக்கத்தில் இருந்த நண்பர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அது அவர் வேலை. யானைக்குப் போகிற வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வெடி போட வேண்டும். வழியை அடைத்துக்கொண்டு வெடி போட்டால் ஊருக்குள் திரும்பும் என்று அவர் எங்களுக்கு எப்போதும் சொல்வார். அந்தக் காட்சி இரண்டு நிமிடம் ஓடியிருக்குமா? அடுத்தது கடைசிக் காட்சி. ஆப்பிரிக்கப் புல்வெளியில் மூன்று கொம்பு ட்ரைசெராடாப்ஸ் கூட்டமும் யானைக் கூட்டமும் சேர்ந்து நடக்கின்றன. சில நொடிகள். பின்னணியில், சேர்ந்து வாழக் கற்க வேண்டும் என்று ஒரு குரல்.

நான் பார்க்க வந்த படம் அங்கே தொடங்கியது. உங்கள் படம் அங்கே முடிந்துவிட்டது.

சேர்ந்து வாழ்வது என்று குரல் கொடுப்பது சுலபம். எங்கள் பக்கத்தில் அது எப்படி இருக்கிறது என்று ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே ஒரு விவசாயி பயிரைக் காக்கச் சட்டத்துக்கு மாறாகப் போட்டிருந்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. தப்பியவை அந்த இடத்தைவிட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தன. விவசாயி கைதானார். எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. யானைக்காக அழுதவர்களும் உண்டு, அந்த விவசாயியின் கடனைக் கணக்குப் போட்டவர்களும் உண்டு. சில பேர் இரண்டையும் செய்தார்கள். நானும்தான். உங்கள் முதல் படத்திலும் மின்வேலிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கரண்ட் போனதால் அங்கே மிருகம் வெளியே வந்தது. வேலியில் ஏறிய பையன் கரண்ட் வந்ததும் தூக்கி எறியப்படுவான், நெஞ்சை அழுத்திப் பிழைக்க வைப்பார்கள். 1994இல் அந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாரண்டஅள்ளிக் குட்டிகளை டி.வி.யில் காட்டியபோது மகள் கேட்டது வேறு: “இதைத்தானேப்பா அந்த உறுமல்ல போட்டிருக்காங்க?” நான் டி.வி.யை அணைத்துவிட்டேன்.

இதையெல்லாம் படத்தில் வைத்தால் யார் பார்ப்பார்கள், குழந்தைகள் பார்க்கிற படம் என்று நீங்கள் சொல்லலாம். குழந்தைதான் கேட்டது. ‘டொமினியன்’ முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது என் மகள், அப்போது பத்து வயது, கேட்ட கேள்வி: “அதுங்க ராத்திரி எங்கப்பா தூங்கும்?” 147 நிமிடப் படத்தில் அதற்குப் பதில் இல்லை. வசூல் ஆனதே என்றும் சொல்லலாம். ஆமாம், உலகம் முழுக்க 100 கோடி டாலருக்கு மேல் ஆனது. அதில் என் நான்கு டிக்கெட்டும் இருக்கிறது. சாப்பாடு தீர்ந்துபோனது என்பதற்காகச் சமையல் நன்றாக இருந்தது என்று ஆகிவிடாது. பந்தியில் உட்கார்ந்தவன் பசியோடும் வந்திருக்கலாம்.

தியேட்டருக்கு வந்த பதிப்பிலிருந்து வெட்டிய முன்கதையைப் பற்றிப் பலர் வருத்தப்படுகிறார்கள். ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால் டைரனோசரஸும் ஜிகனோடோசரஸும் மோதிக்கொள்ளும் அது பிறகு 160 நிமிட நீளப் பதிப்பில் வந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஜிகனோடோசரஸ் தென் அமெரிக்காவில் பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் இருந்தது, டைரனோசரஸ் வட அமெரிக்காவில் கடைசிக் காலத்தில் வந்தது. நடுவில் மூன்று கோடி வருடமும் ஒரு கடலும். பார்க்காத இரண்டு பேருக்குப் பகை மூட்டிவிடுவது எங்கள் ஊர் பஞ்சாயத்தில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

‘ரீபர்த்’ படத்தைக் கேரத் எட்வர்ட்ஸ் இயக்கியிருந்தார். அதில் ஆரம்பத்தில் நியூயார்க்கில் ஒரு கழுத்து நீண்ட டைனோசர் முடியாமல் விழுந்து கிடக்கிறது, அதனால் டிராஃபிக் நிற்கிறது, மக்கள் அலுத்துக்கொள்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அது சரியான காட்சி. சானமாவு காட்டை அறுத்துக்கொண்டு போகிற ஓசூர்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் யானை கடக்கும்போது வண்டிகளை நிறுத்துவார்கள். பின்னால் நிற்கிற லாரிக்காரர் ஹாரன் அடிப்பார். முன்னால் யானை நிற்பது அவருக்குத் தெரியும், இருந்தும் அடிப்பார். மனிதன் அப்படித்தான். அந்த அலுப்பைப் பிடித்தவர்கள் உடனே எல்லாரையும் படகில் ஏற்றி மறுபடியும் ஒரு தீவுக்குக் கொண்டுபோனது ஏன்? மிச்சமுள்ள டைனோசர்கள் பூமத்திய ரேகைப் பக்கம் மட்டும் என்று எழுத்து வந்தபோது மகள் பூகோளப் புத்தகத்தை எடுத்து வந்தாள். கிருஷ்ணகிரி பன்னிரண்டரை டிகிரி வடக்கு. “அப்போ நம்ம ஊருக்குத்தானே வரணும்?” என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் அடுத்ததும் எடுப்பீர்கள். அதனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

முடிவு, நிறைவு, கடைசி என்ற சொற்களை உண்மையிலேயே முடிக்கும்போது மட்டும் போஸ்டரில் போடுங்கள். எங்கள் ஊரில் கடைசி நாள் தள்ளுபடி என்று மூன்று வருடமாகப் போர்டு வைத்திருக்கும் துணிக்கடை ஒன்று உண்டு. அதற்கும் உங்களுக்கும் வித்தியாசம் வேண்டாமா?

தீவு வேண்டாம். கம்பெனிப் பள்ளத்தாக்கும் வேண்டாம். ஒரு ஊர், ஒரு அறுவடைக் காலம், ஒரே ஒரு மிருகக் கூட்டம் போதும். அது எங்கே தூங்குகிறது, எதைத் தின்கிறது, தின்றதற்கு யார் ஈடு கொடுப்பது, ஈடு வருவதற்குள் எத்தனை தடவை தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டும், யார் வேலியில் கரண்ட் விடுகிறார், யார் அதைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறார் என்பதை எடுங்கள். ‘பிக் ராக்’ குறும்படத்தின் அளவிலேயே எடுங்கள், செலவும் குறையும். அதில் ஒரு மணி நேரம் எங்களைக் காத்திருக்க வைக்க உங்களுக்கு நான் முழு அனுமதி தருகிறேன்.

எழுத உட்காரும் முன் உங்கள் எழுத்தாளர்களைப் பெரிய மிருகத்தோடு வாழ்கிற ஊர் ஏதாவது ஒன்றுக்கு அனுப்புங்கள். இங்கேதான் வர வேண்டும் என்பதில்லை, வந்தால் கார்த்திகையில் வரச் சொல்லுங்கள். பரணில் ஒரு ராத்திரி. டார்ச் அடிக்கக் கூடாது, செல்போனை அணைத்துவிட வேண்டும். விடிந்ததும் களியும் கீரைக் குழம்பும் எங்கள் வீட்டில்.

தமிழில் அனுப்புபவர்களுக்குத் தனியாக ஒன்று. டப்பிங் படங்கள் பலவற்றில் வெள்ளைக்காரன் வாயை மூடிக்கொண்டிருக்கிற இடத்தில்கூட ஒரு பஞ்ச் வசனத்தைச் செருகிவிடுகிறார்கள். விஞ்ஞானி பேசினாலும் காமெடி நடிகர் பேசினாலும் ஒரே குரல், ஒரே நக்கல். வசனத்தைத் தமிழில் எழுதுகிறவரின் பெயரை அவருக்கென்று ஒரு கார்டில், பெரிய எழுத்தில், முதலிலேயே போடுங்கள். பெயர் போட்டால் பொறுப்பு வரும். மிருகம் வருவதற்கு முன்னால் இருக்கிற அமைதியில் கை வைக்காதீர்கள். அந்த உறுமல் வரும்போது அதன் மேல் யாரும் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
ராகிக் கொல்லைக்காரன் ஒருவன்,
ராயக்கோட்டை வட்டாரம், கிருஷ்ணகிரி மாவட்டம்.